பாக்காவ் காட்டில் ஒரு மஞ்சள் இலை

தைப்பிங் என்றதும் உங்களுக்கு ஏரித் தோட்டம் நினைவுக்கு வரும். மழை நினைவுக்கு வரும். அங்கே போகிறவர்கள் மிருகக்காட்சி சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலையை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். நானும் அப்படிப் பல முறை திரும்பியவன்தான். அடுத்த தடவை போகும்போது மேற்கே இன்னும் ஓர் அரை மணி நேரம் பிரயாணம் செய்து பாருங்கள். சாலை முடிந்து சேற்று வாடை தொடங்கும் இடத்தில் கோலா செப்பத்தாங் இருக்கிறது.

பழையவர்களுக்கு இந்த ஊர் போர்ட் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராயிருந்த சர் பிரடெரிக் வெல்ட் என்பவரின் பெயரை வைத்திருந்தார்கள். 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கே ரயில் விட்டார்கள். மலாயாவில் ஓடிய முதல் ரயில் அதுதான். எட்டு மைல் தூரம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. இன்று தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்தைக் கண்டதும் என் அம்மா பக்கத்தில் போய், ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் நாங்கள் மூவர் போயிருந்தோம். அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கெடாவில் பால்மரம் சீவியவர். கூட வந்தவன் என் அக்கா மகன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறான். நான் இறால் மீ சாப்பிடப் போனேன், அவன் சேறு பார்க்கப் போனான், அம்மா ரயில் ஓடிய இடத்தைப் பார்க்க வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஊருக்குச் சற்று முன்பாக மாத்தாங் பாக்காவ் காட்டுக்குள் போக மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். இந்தக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுக்கு மேலாக முறை வைத்து வெட்டி, முறை வைத்து வளர்த்து வருகிறார்கள். மரம் முப்பது வயதானால் வெட்டுகிறார்கள். நடுவில் பதினைந்தாம் வயதிலும் இருபதாம் வயதிலும் நெருக்கமானவற்றைக் களைந்து கழியாக விற்கிறார்கள். வெட்டிய முதிர்ந்த மரம் கரிச்சூளைக்குப் போகிறது. கவிழ்த்து வைத்த பெரிய பானைபோல அந்தச் சூளைகள் இருக்கும். பக்கத்தில் நின்றால் புகை கண்ணைக் கரிக்கும். நம்முடைய பழைய புகைக்கொட்டகை வாசம் போல இருக்கிறது என்றார் அம்மா. எனக்கு அப்படித் தெரியவில்லை. ரப்பர் ஷீட்டுப் புகையில் ஒரு புளிப்பு இருக்கும்.

கடல்நீர் வற்றியிருந்த நேரம். பாக்காவ் மரங்கள் தண்ணீர் இல்லாத சேற்றில் கொக்குக் கால்களை ஊன்றி நின்றன. காலடியில் சின்னச் சின்ன நண்டுகள். சேற்றில் துள்ளி ஓடும் மீன்கள். எங்கு பார்த்தாலும் உதிர்ந்த இலைகள்: மேலே கிடப்பவை மஞ்சள், கொஞ்ச நாள் ஆனவை பழுப்பு, இன்னும் பழையவை கறுப்பு.

அக்கா மகன் படிக்கட்டில் இறங்கி, தேங்கிய நீரில் கிடந்த ஒரு பழுப்பு இலையை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தான்.

"என்னடா தம்பி இது, வழவழங்குது?"

"தடவிப் பாருங்க பாட்டி. இந்த இலைக்குள்ள இப்ப ஆள் குடியிருக்கு."

வாசகர்களே, அந்த 'ஆளை'ப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் நீர்ப் பூஞ்சணம். ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்தையும் சுவரில் படரும் பூஞ்சணத்தையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இதுவும் நூல் நூலாகத்தான் வளரும். ஆனால் ஜாதி வேறு. காளான், பூஞ்சணம் ஆகியவற்றின் உடல் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கும். நண்டு ஓட்டில் இருப்பதும் அதுவே. நீர்ப் பூஞ்சணத்தின் சுவரிலோ செல்லுலோஸ் இருக்கிறது. பருத்தி நூலில் இருக்கும் பொருள். உறவுமுறை பார்த்தால் காளானைவிடக் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். அதைவிட விசேஷம், இதன் வித்து நீந்தும். அவரைவிதை போன்ற உருவம், இரண்டு வால். ஒரு வாலை முன்னால் நீட்டி இழுத்துக்கொண்டு, மற்றதைப் பின்னால் ஆட்டிக்கொண்டு போகும். ஏறக்குறைய நூறு வித்துகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். கண்ணால் எங்கே பார்ப்பது!

மரத்திலிருந்து இலை உப்புநீரில் விழுகிறது. வித்துகள் நீந்தி வந்து ஒட்டிக்கொள்கின்றன. வாலை விட்டுவிட்டு, உருண்டையாகி, நூல்விட்டு இலைக்குள் நுழைகின்றன. 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தபோது வியந்துபோனார்கள். விழுந்து ஓரிரு நாளுக்குள்ளேயே இலை முழுவதும் இந்த நூல் பரவியிருந்தது. நாம் உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்தால் இரவுக்குள் மாவு புளித்துப் பொங்குகிறது அல்லவா? அதுபோலச் சேற்றிலே இலை புளிக்கிறது. புதிய பாக்காவ் இலையைக் கடித்துப் பாருங்கள், துவர்ப்புத் தாங்காது. உப்பும் தோல் போன்ற தடிப்பும் வேறு. புளித்த பிறகு அது மெதுவாகிறது, சத்து ஏறுகிறது. பிறகு புழு, பூச்சி, இறால் குஞ்சு எல்லாம் தின்ன வருகின்றன. அவற்றைத் தின்ன மீன் வருகிறது. நண்டுகள் சும்மா இருப்பதில்லை. பூஞ்சணத்துக்குக் காத்திராமல் பல இலைகளை நேரே வளைக்குள் இழுத்துப் போய்விடுகின்றன. மிச்சம்தான் நம்முடைய ஆளுக்கு. அந்த மிச்சமே ஏராளம்.

இந்த ஜீவன்கள் உலகத்துக்குத் தெரியவந்தது அண்மையில்தான். அமெரிக்காவின் தெற்குக் கோடியில் புளோரிடா என்ற பகுதி இருக்கிறது. அங்கும் பாக்காவ் காடு உண்டு. பெல், மாஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் காட்டில் உதிர்ந்த இலை மட்கும்போது உள்ளே யார் யார் குடியேறுகிறார்கள் என்று தேடினார்கள். இதுவரை யாரும் எழுதிவைக்காத நீர்ப் பூஞ்சணங்கள் பல கிடைத்தன. 1975-இல் அவற்றுக்குப் பெயர் வைத்து வெளியிட்டார்கள். அதில் ஒன்றின் வித்துப்பை மேலே முள் முள்ளாக இருந்தது. 'ஸ்பைனோசா', முள்ளுள்ளது, என்று பெயரிட்டார்கள். குடும்பப் பெயராகப் பைட்டோப்தோரா என்பதைச் சேர்த்தார்கள். 1990-இல் ஹோ, ஜோங் என்ற இருவர் பார்த்து, உப்புநீரில் வாழ்கிறவற்றைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, ஹாலோபைட்டோப்தோரா என்று குடும்பப் பெயரை மாற்றினார்கள். 2016-இல் அதுவும் மாறிவிட்டது. மரபணுவைப் படித்துப் பார்த்ததில், இந்த முள்காரன் அந்தக் குடும்பமே இல்லை என்று தெரிந்தது. சாலிஸ்பைனா, அதாவது 'உப்பு முள்', என்று புதுக் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். போர்ட் வெல்ட் கோலா செப்பத்தாங் ஆனதுபோல என்றேன் நான். "ஊரு மாறல மாமா, பலகைதான் மாறிச்சு" என்றான் பையன்.

நம் வட்டாரத்திலும் தேடியிருக்கிறார்கள். 1997-இல் டான், பெக் என்ற இருவர் சிங்கப்பூர்ப் பாக்காவ் காடுகளில் உதிர்ந்த இலைகளை ஆராய்ந்து, இவ்வகைப் பூஞ்சணங்களைப் பற்றி எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சதுப்பு இலைகளிலிருந்து 2018-இல் ஒரு புது இனம் வெளிவந்தது. சாலிஸ்பைனா ஹோய் என்று பெயர். 1990-இல் குடும்பத்தைப் பிரித்தாரே, அந்த ஹோவின் பெயரைத்தான் வைத்தார்கள். அது இதுவரை தெரியாத இனம் என்று உறுதி சொல்வதற்குள் அவர்கள் பட்டிருக்கும் பாட்டை அக்கா மகன் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு விவரித்தான்.

இலையைக் கழுவிச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டுமாம். பாசிக்கூழோடு டின்னில் வரும் காய்கறிச் சாற்றைக் கலந்து, கடல்நீரும் பாக்டீரியாவை அடக்கும் மருந்தும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, அதன்மேல் துண்டை வைக்க வேண்டும். (வி-எட்டு என்று கடையில் விற்கும் அதே சாறு. ஆராய்ச்சிசாலையில் பூஞ்சணத்துக்கு அதுதான் சாப்பாடு என்று கேட்டு அம்மா சிரித்தார்.) இலையிலிருந்து நூல் கிளம்பியதும், நுனியில் ஒரு துளி வெட்டி வேறு தட்டில் தனியாக வளர்க்க வேண்டும். பிறகு அதை உப்புநீரில் போட்டுக் காத்திருக்க வேண்டும். நூல் நுனியில் வித்துப்பை உப்பும். அதன் நீளம், அகலம், முள் உண்டா இல்லையா, வாய் எப்படித் திறக்கிறது, வித்துகள் ஒரே கொத்தாக வெளியே வருகின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவா, வாசலில் ஒரு மெல்லிய பை தோன்றி உடைகிறதா என்று மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தபடி அளந்து அளந்து எழுத வேண்டும். ஒன்றை அளந்தால் போதாது. பல அளக்க வேண்டும். இதற்குமுன் பெயர் வைத்த ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். இப்போது மரபணு எழுத்துகளையும் படித்து ஒப்பிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்தபின், இனி நகராத, வளராத ஒரு மாதிரியை மூலச்சான்றாக ஒரு காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அதை எடுத்துப் பார்க்கலாம். வர்ணனையை 2011 முடியும்வரை லத்தீன் மொழியில்தான் எழுத வேண்டியிருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்ந்தது. பெயருக்குப் பதிவு எண்ணும் வாங்க வேண்டும்.

"இம்புட்டு வேலையா, ஒரு பூஞ்சணத்துக்குப் பேரு வைக்க?" என்றார் அம்மா. "ஒங்க மாமனுக்குப் பேரு பதியறப்ப கிராணி ஒரு எழுத்த விட்டுட்டாரு. அதையே யாரும் திரும்பிப் பாக்கல." உண்மைதான். என் அடையாளக் கார்டில் இன்றுவரை அந்த எழுத்து இல்லை.

சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், பைட்டோப்தோரா என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கிரேக்க மொழியில் 'செடியை அழிப்பது' என்று பொருள் என்றான் பையன். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுக வைத்து, பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் மடியக் காரணமான நோய் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னொன்று ஆந்திராவின் கோதாவரிப் பகுதியில் பனைமரங்களின் குருத்தை அழுக வைத்தது. பட்லர் என்பவர் அதை 1907-இல் வர்ணித்து, 'பனையைத் தின்பது' என்று பொருள்படப் பால்மிவோரா என்று பெயர் வைத்தார். அதே பால்மிவோராதான் நம் வீட்டுக் கொல்லை டுரியான் மரத்தின் பட்டையை அழுக வைப்பது, கோக்கோக் காயைக் கறுக்க வைப்பது.

"கித்தா மரத்துலயும் வரும் பாட்டி. மழை மாசத்துல பச்சை இலையெல்லாம் கொட்டுமே, காம்புல கறுப்பா ஒரு புள்ளி, அதுல வெள்ளையா பால் துளி ஒட்டிக்கிட்டு…"

அம்மா கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார்.

"அது தெரியுமே. அது கொட்டுன வருஷம் வெட்டுலயும் கோடு விழும்."

இந்த இடத்தில் நான் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் இது நடந்திருக்கலாம். 1970-களில், ஒரு மழைக் காலத்தில், என் அப்பாவின் நிரையில் மரங்களின் வெட்டுப்பட்டைக்கு மேலே கறுத்துப்போயிற்று. பட்டையைச் சுரண்டினால் உள்ளே மரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு கோடாக இருக்கும். நோய்பட்ட இலையிலும் காயிலும் இருக்கும் வித்துகளை மழைநீர் அடித்து மரத்தில் வழியவிடுகிறது. அன்று காலையில் சீவிய ஈரமான வெட்டு அதற்குத் திறந்த வாசல். அங்கே இறங்கி நூல் விடுகிறது. ஆறிய பின்னால் பட்டை மேடும் பள்ளமுமாகத் தடித்து, மறுபடி கத்தி வைக்க முடியாமல் போகும். ஆழமாகச் சீவி மரத்தைக் காயப்படுத்தினாலும் ஆறியபின் பட்டை அப்படித்தான் தெரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்று.

கருங்கோட்டு நோயைத் தோட்டங்கள் அறியாமல் இல்லை. பட்டைக்குத் தூரிகையால் மருந்து பூசுவது வழக்கத்தில் இருந்ததுதான். எங்கள் மலைக்கு மருந்து வாளி வந்து சேர்ந்தபோது மழைக்காலம் பாதி கழிந்துவிட்டது. பிறகு பட்டை தடித்த மரங்களை எண்ணிக் கணக்கெடுக்க வந்தவர்கள், கத்தி ஆழம் போயிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். பிரட்டில் எல்லோர் முன்னாலும் அப்பாவை நிற்க வைத்து ஏசினார்கள். வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம். சம்பளம் எவ்வளவு குறைந்தது என்று எனக்கு நினைவில்லை; அந்த ஆண்டுகளில் தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. அப்பா சாகும்வரை, "என் கத்தி ஆழம் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காதபோதுகூடச் சொல்வார். சில சமயம் எனக்கே எரிச்சல் வரும்.

1969-இல், அதாவது அப்பா பிரட்டில் நிற்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த சீ என்ற விஞ்ஞானி, ரப்பர் மரத்தைத் தாக்கும் ஒரு புதிய நீர்ப் பூஞ்சணத்தை வர்ணித்து வெளியிட்டிருந்தார். வித்துப்பைகள் திராட்சைக் கொத்துபோல இருந்ததால் பைட்டோப்தோரா பாட்ரியோசா என்று பெயர். பால்மிவோராவும் இந்தப் பாட்ரியோசாவும்தான் இலைகொட்டலுக்கும் கருங்கோட்டுக்கும் காரணம். இத்தனையையும் அக்கா மகன் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டினான். நான் படித்து அம்மாவுக்குச் சொன்னேன். பெயர் லத்தீனில் அச்சாகிவிட்டது. எங்கள் வெட்டுக்குத்தான் வந்து சேரவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நீர் ஏறத் தொடங்கியிருந்தது. சேற்றுக் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. காய்ந்துகிடந்த மஞ்சள் இலைகள் மெல்ல எழும்பி மிதந்தன.

"அப்ப இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று கீழே வைத்த இலையைக் காட்டினார்.

"ஒண்ணு இல்ல பாட்டி. பங்காளி மாதிரி. அது உசுரோட இருக்கிற மரத்தைப் பிடிக்கும். இது உதிர்ந்து விழுந்ததை எடுத்துக்குது. இது இல்லாட்டி இந்த இலையில ருசி ஏறாது, இறாலுக்கும் தீனி குறைஞ்சிரும்."

"பங்காளின்னா ஒருத்தன் அப்படியும் இருப்பான், ஒருத்தன் இப்படியும் இருப்பான்" என்றார் அம்மா. பிறகு, "அந்த மொதல் பேரைத் திரும்பச் சொல்லு" என்றார்.

பைட்டோப்தோரா என்றான். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. தமிழில் எழுதித் தரச் சொன்னார். அவன் நுழைவுச்சீட்டின் பின்புறம் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தான். ரயில் நிலையப் பலகையைப் படித்ததுபோலவே விரல் வைத்துப் படித்துவிட்டு, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கத்தி இன்னும் வீட்டில் அம்மாவின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது.

மத்தியானம் ஆற்றோரக் கடையில் இறால் மீ சாப்பிட்டோம். இறால் ஒவ்வொன்றும் விரல் நீளம். அம்மா பாதிக்கு மேல் சாப்பிட மாட்டார், அன்று தட்டைக் காலி செய்தார். எதிர்க்கரையில் பாக்காவ் காடு தெரிந்தது. படகுகள் கெராங் சிப்பி ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தன.

நீங்களும் போவதாயிருந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். நீர் வற்றிய நேரத்தில் போனால்தான் வேரும் சேறும் நண்டும் பார்க்கலாம். நீர் ஏறிவிட்டால் வெறும் தண்ணீரும் மரமும்தான். வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கொசு பகலிலேயே கடிக்கும். பலகை நடைபாதை மழை பெய்தால் வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கீழே கிடக்கும் பழுப்பு இலையில் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் தண்ணீரிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.